பந்தி இருந்தால்தான் கூத்து: கப்பல் சாப்பாட்டு அறை நிகழ்ச்சிகள் பற்றி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் வசிக்கும் ஒரு குடும்பம். மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள், ஏழு வயதில் ஒரு மகள். ஐந்து பேரும் ஃப்ளோரிடாவின் போர்ட் கனாவெரல் துறைமுகத்திலிருந்து பஹாமாஸ் பக்கம் நான்கு இரவுக் கப்பல் பயணம் போக நினைக்கிறார்கள். "சாப்பாட்டு அறையிலேயே ஆட்டம், பாட்டம், நாடகம் எல்லாம் நடக்குமாமே, எந்தக் கப்பலில் நன்றாக இருக்கும்? அதற்குத் தனிக் கட்டணமா? சைவம் சாப்பிடும் பெரியவர்களுக்குச் சரிப்படுமா? மாலை 5.45, இரவு 8.15 என்று இரண்டு நேரம் காட்டுகிறார்கள், எதை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறார் அந்த வீட்டு மருமகள்.

எட்டு ஆண்டுகள் கப்பல் சாப்பாட்டு அறைகளில் தட்டு தூக்கியவன் நான். உதவி வெயிட்டராகச் சேர்ந்து, வெயிட்டராகி, கடைசி இரண்டு ஆண்டுகள் ஹெட் வெயிட்டராக இருந்துவிட்டுக் கரையேறினேன். ஆடியும் இருக்கிறேன். அந்தக் கதை பிறகு.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. 5.45, 8.15 என்பது வேறொன்றுமில்லை, முதல் பந்தி, இரண்டாம் பந்தி. நம் கல்யாண மண்டபத்து ஏற்பாடேதான். கூடம் சிறியது, கூட்டம் பெரியது, ஆகவே இரண்டு தடவையாக உட்கார வைக்கிறார்கள். ஒரே வித்தியாசம், இங்கே அடுத்த பந்திக்காரர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு உங்கள் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். உங்களுக்கு என்று ஒரு மேசை, அந்த மேசைக்கு என்று ஒரு வெயிட்டர், ஓர் உதவி வெயிட்டர். பயணம் முடியும்வரை அவர்கள் மாறமாட்டார்கள்.

இப்போது அந்தக் கூடத்தை உள்ளே இருந்து பாருங்கள். எழுநூறு பேர் ஒரே நேரத்தில் வந்து அமர்கிறார்கள். கால் மணி நேரத்துக்குள் எழுநூறு பேரும் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் என் உதவியாளனும் பார்த்துக்கொள்வது இருபது, இருபத்தைந்து பேரை. எங்களைப்போல முப்பது ஜோடிகள் ஒரே வாசல் வழியாகச் சமையற்கூடத்துக்குள் ஓடுகிறோம். கப்பலில் சமையற்கூடத்துக்குக் 'கேலி' என்று பெயர். சேர்ந்த புதிதில் எனக்கு அது பொருத்தமான பெயராகத்தான் பட்டது. வரிசையில் நின்று, மூடி போட்ட தட்டுகளைப் பத்துப் பன்னிரண்டாக ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, தோளுயரத்தில் தூக்கிக்கொண்டு, தளும்பும் கப்பலில் திரும்பி நடந்து வர வேண்டும். சூப் சட்டென்று வந்துவிடும். சூப்புக்கும் அடுத்த பெரிய தட்டுக்கும் நடுவில்தான் ஆபத்து: இருபது நிமிடம், சில இரவுகளில் அதற்கும் மேல். பிள்ளைகள் மேசைக்கு அடியில் போவதும், பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதும் அப்போதுதான்.

விளக்கை மங்க வைத்து, பாட்டைப் போட்டு, யாரையாவது ஆடவிடுவது அந்த இடைவெளியில்தான். சாப்பாட்டு அறை நிகழ்ச்சி என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் அடிப்படையில் அடுப்புக்கு நேரம் வாங்கித் தரும் ஏற்பாடு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல கப்பலில் இது தெரியவே தெரியாது, மோசமான கப்பலில் இது மட்டும்தான் தெரியும்.

எழுநூறு பேரும் ஒரே நேரத்தில் சூப்பை முடித்திருந்தால்தான் இந்த ஏற்பாடு செல்லும். ஒருவர் சூப்பிலும் இன்னொருவர் ஐஸ்கிரீமிலும் இருந்தால் விளக்கை எப்போது அணைப்பது? பந்தி இருந்தால்தான் கூத்து. எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதுதான் அளவுகோல், இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி. பழைய அட்லாண்டிக் கப்பல்களில் சாப்பாட்டு அறைதான் கப்பலின் பெருமை. 1935-இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியின் முதல் வகுப்புச் சாப்பாட்டு அறை 305 அடி நீளம், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தையும் மிஞ்சியது. ஜன்னலே கிடையாது. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் லாலிக் செய்த விளக்குகளே அறை முழுவதற்கும் வெளிச்சம். ஆனால் அங்கே யாரும் ஆடவில்லை, நகையும் நீள அங்கியுமாகப் படியிறங்கி வந்த பயணிகள்தான் நிகழ்ச்சி. 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும் அந்தக் கப்பல்களுக்கு வேலை போயிற்று. அதன் பிறகு மியாமியிலிருந்து கிளம்பியது வேறு வகைத் தொழில்: 1966-இல் நார்வீஜியன், 1968-இல் ராயல் கரீபியன், 1972-இல் கார்னிவல். ஊர் போய்ச் சேருவதற்காக ஏறாத பயணிகள் இவர்கள். இவர்களுக்கு மாலை முழுவதும் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். இத்தாலிய இரவு, கரீபிய இரவு, பிரெஞ்சு இரவு எல்லாம் அப்படி வந்தவை. முதலாளிக்குச் செலவு குறைவு. அதே அறை, அதே மேசை. நாப்கின் நிறமும் மெனு அட்டையும் வெயிட்டரின் கழுத்துத் துணியும் மாறினால் நாடு மாறிவிடும். இத்தாலிய இரவில் எங்கள் அணியில் ஓர் இத்தாலியரும் இருந்ததில்லை. கோவாக்காரர்களும், இந்தோனேசியர்களும், பிலிப்பைன்ஸ் பையன்களும், நானும்.

பிறகு பந்தி கலைந்தது. 2000-இல் நார்வீஜியன் கப்பல்கள் 'எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், யாரோடு வேண்டுமானாலும் உட்காருங்கள்' என்று அறிவித்தன. பயணிகளுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு பெயர் வைத்து அதே வசதியைக் கொடுத்தன. ராயல் கரீபியன் இன்னும் ஓர் அடி போய், 2014-இல் வந்த குவாண்டம் கப்பலில் பெரிய கூடத்தையே எடுத்துவிட்டு, அமெரிக்கம், ஆசியம் என்று அலங்காரத்தில் வேறுபட்ட நான்கு உணவகங்களாகப் பிரித்தது. ஒவ்வோர் இரவும் வேறு வெயிட்டர், வாசலில் வரிசை. தங்கள் பெயர் தெரிந்த வெயிட்டர் இல்லையே என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

இதில் பிடிவாதமாக இரண்டு பந்தியை விடாமல் வைத்துக்கொண்டது டிஸ்னி. உங்கள் கேள்விக்கு நேர் விடையும் அதுதான். 1998-இல் டிஸ்னி மேஜிக் என்ற முதல் கப்பலை விட்டபோதே ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். கப்பலில் மூன்று சாப்பாட்டு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு கருப்பொருள். நீங்கள் ஓர் இரவு ஓர் அறை என்று சுற்றி வருவீர்கள், உங்கள் வெயிட்டரும் உதவியாளரும் உங்களோடு சேர்ந்து அறை மாறி வருவார்கள். மாமியாருக்கு மிளகாய் ஆகாது, பேத்திக்குப் பால் நுரை பிடிக்காது என்று முதல் இரவு சொன்னதை மூன்றாம் இரவும் நினைவில் வைத்திருப்பார். இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கப்பல் சாப்பாட்டில் யாராவது செய்த புத்திசாலித்தனமான காரியம் என்றால் இதுதான். எங்களுக்கு வேலை இரட்டிப்பு, பயணிக்குச் சுகம்.

அந்த மேஜிக் கப்பலின் ஓர் அறையை மட்டும், கப்பல் வந்த புதிதில் அது இருந்தபடி, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 'அனிமேட்டர்ஸ் பேலட்', அதாவது கார்ட்டூன் ஓவியரின் வண்ணத் தட்டு. நுழையும்போது அறை முழுவதும் கறுப்பு வெள்ளை. சுவரில் பென்சில் கோட்டுப் படங்கள், வெயிட்டர்களின் அரைக்கோட்டும் கறுப்பு வெள்ளை. முதல் தட்டு வரும்போது ஒரு மூலையில் ஒரு படத்தில் மட்டும் கொஞ்சம் நிறம் ஏறும். நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். அடுத்த தட்டு வருகிறது, இன்னொரு சுவர். இனிப்பு வரும் நேரத்தில் அறை முழுவதும் நிறமாகிவிட, வெயிட்டர்கள் வண்ண அரைக்கோட்டோடு வெளியே வருவார்கள். மேடை கிடையாது, நடிகர் கிடையாது, ஒரு வசனம்கூடக் கிடையாது. ஒவ்வொரு நிற மாற்றமும் ஒரு தட்டோடு பொருத்தப்பட்டிருந்தது. சமையற்கூடத்தின் கடிகாரத்தையே கதையாக்கிவிட்டார்கள். அதை யோசித்தவர் ஒரு நாளாவது தாம்பாளம் தூக்கியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2011-இல் வந்த ட்ரீம் கப்பலில் அதே பெயருள்ள அறை கடலடியாக மாறும். 'ஃபைண்டிங் நீமோ' படத்துக் கிழட்டு ஆமை க்ரஷ் திரையில் நீந்தி வந்து, உங்கள் மேசைக்கு எதிரே நின்று, உங்கள் மகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசும். பதிவு செய்த பேச்சு அல்ல. பிள்ளை என்ன சொல்கிறதோ அதற்கு உடனே பதில் சொல்லும். 2004-இல் ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காவில் தொடங்கிய உத்தி இது, அதைக் கப்பலுக்கு எடுத்து வந்தார்கள். மறு ஆண்டு வந்த ஃபேன்டசி கப்பலில் ஓர் இரவு மேசையில் ஆளுக்கொரு தாளும் ஸ்கெட்ச் பேனாவும் இருக்கும். தலை, கை, கால் வர வேண்டிய இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும், அதற்குள் ஒரு பொம்மை வரையச் சொல்வார்கள். வெயிட்டர் தாள்களை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இனிப்பு நேரத்தில் திரை முழுவதும் அந்தப் பொம்மைகள் ஆடிக்கொண்டு வரும். பிள்ளைகள் கத்துவது இருக்கட்டும். 'எனக்கு வரையத் தெரியாது' என்று நாலு கோடு இழுத்துக் கொடுத்த தாத்தாவின் குச்சி மனிதன் மிக்கி மவுஸோடு சேர்ந்து ஆடுகிறது என்றால் அந்த மேசையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மொழியே தேவைப்படாத நிகழ்ச்சி. ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் நான்கு இரவுக் கணக்குக்கு அங்கே பொருந்துவது டிஸ்னி விஷ். 2022-இல் வந்ததிலிருந்து போர்ட் கனாவெரலில் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே பெயர் பெற்ற கப்பல். அதன் மூன்று அறைகளும் மூன்று குணம். 'அரெண்டெல்' அறையில் 'ஃப்ரோஸன்' படத்தின் அன்னாவுக்கும் கிறிஸ்டாஃபுக்கும் நிச்சயதார்த்தம், நீங்கள் விருந்தாளி. நடுவில் மேடை, இசைக் கலைஞர்கள் நேரில் வாசிக்கிறார்கள், அன்னாவும் அவள் அக்கா எல்சாவும் மேசைகளுக்கு நடுவே பாடிக்கொண்டு வருவார்கள். நிச்சயதார்த்தம் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், மதுரை மாமியாருக்கு மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும். 'வேர்ல்ட்ஸ் ஆஃப் மார்வெல்' அறையில் மேசைக்கு மேசை ஒரு பொத்தான் கருவி வைத்திருப்பார்கள். மார்வெல் படங்களின் சாகச நாயகர்கள் ஆன்ட்மேனும் வாஸ்பும் திரையில் தோன்றி அதை அமுக்கச் சொல்வார்கள், பொருள்கள் பெரிதாகும், சிறிதாகும், வெடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்குத் தலைவலி. மூன்றாவது '1923', டிஸ்னி நிறுவனம் தொடங்கிய ஆண்டு. சுவரில் பழைய ஓவியங்கள், மெல்லிய விளக்கு, நிகழ்ச்சி எதுவும் இல்லை. சாப்பாடு அங்கேதான் நிதானமாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஆட்டம் இல்லாத அறையில் சமையல்காரனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

(2024 கடைசியில் வந்த டிஸ்னி ட்ரெஷர் கப்பலில் 'கோகோ' படத்தை வைத்து ஓர் அறை இருக்கிறது, மெக்சிகோவின் மரியாச்சி இசையோடு. இரண்டு இரவுகளுக்கு இரண்டு வேறு கதைகள். ஏழு இரவுப் பயணம் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.)

இவை எதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. பயணக் கட்டணத்துக்குள் அடக்கம். மதுபானத்துக்குத் தனி. வெயிட்டர்களுக்கும் அறைப் பணியாளருக்குமான டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று கணக்கில் தானாக ஏறும். இங்கே சொல்லும் பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் பொதுவாக 16 முதல் 20 டாலர் அளவில் இருக்கும், ஏழு வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து. ஐந்து பேர், நான்கு இரவு என்று பெருக்கிப் பார்த்து, வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி நாள் ரசீதைப் பார்த்து மாமனார் 'இது எதற்கு?' என்று கேட்கும்போது விளக்கம் சொல்வது கடினம்.

மற்றக் கப்பல்களில் என்ன மிச்சம் இருக்கிறது? கார்னிவலில் வெயிட்டர்கள் ஆடுவார்கள். சூப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் திடீரென்று பாட்டு ஒலிக்கும், சிலர் மேசைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் ஏறி நின்று ஆடுவார்கள், பயணிகளும் எழுந்து சேர்ந்துகொள்வார்கள். ஐந்து நிமிடம், முடிந்தது. இதோடு ஒட்டிய இன்னொன்று, ஒரு காலத்தில் பல கப்பல்களிலும் இருந்த 'பேக்ட் அலாஸ்கா' ஊர்வலம். என் ஆட்டக் கதை அதில்தான் வருகிறது.

பேக்ட் அலாஸ்கா என்பது கேக்கின் மேல் ஐஸ்கிரீமை வைத்து, அடித்து நுரைத்த முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் போர்வைபோல மூடி, சூடான அடுப்பில் சில நிமிடம் காட்டி எடுப்பது. வெளியே பொன்னிறம், உள்ளே உறைபனி. நுரைக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கடத்தாது, அதுதான் சூட்சுமம். அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியது 1867-இல். அந்தப் பேச்சோடு நியூயார்க்கின் டெல்மோனிகோ உணவகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பண்டம் இது. அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்த சார்லஸ் ரான்ஹோஃபர் 1894-இல் வெளியிட்ட சமையல் நூலில் 'அலாஸ்கா, ஃப்ளோரிடா' என்று பெயர் கொடுத்திருக்கிறார். குளிர்ந்த ஊரும் வெந்த ஊரும் ஒரே தட்டில். நீங்கள் ஏறப்போவது ஃப்ளோரிடாவில் என்பதால் சொல்கிறேன்.

பயணத்தின் கடைசிக்கு முந்தைய இரவு கூடத்தின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வெயிட்டர்கள் வரிசையாக, ஆளுக்கொரு அலாஸ்காவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப நடந்து வருவார்கள். பயணிகள் வெள்ளை நாப்கின்களைத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். பழைய நாளில் மதுவை ஊற்றி அதைக் கொளுத்தியே எடுத்து வந்தார்கள். கப்பலில் தீயைவிடப் பயங்கரமான சொல் கிடையாது. நான் சேர்ந்தபோது பேட்டரி விளக்குதான் செருகியிருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பயிற்சி. கடல் தொழிலாளர் ஒப்பந்தப்படி இருபத்துநான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அந்தக் கணக்கு இடிக்காதபடி மதிய உணவுக்கும் மாலைப் பந்திக்கும் நடுவில் இதைச் செருகியிருந்தார்கள். நான் தூங்க வேண்டிய நேரம். பிலிப்பைன்ஸ் பையன்கள் பிறவி ஆட்டக்காரர்கள்போல இடுப்பை வளைத்தார்கள். எனக்கு இடது காலும் பாட்டும் ஒத்துப்போகவே இல்லை. பயிற்சி கொடுத்த பெண் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "நீ தூணுக்குப் பின்னால் வா" என்று சொல்லிவிட்டாள். எட்டு ஆண்டும் தூணுக்குப் பின்னால்தான் ஆடினேன்.

பெயர் வேண்டாம், ஒரு கப்பலில் நடந்தது இது. ஊர்வலத்தில் நாங்கள் தூக்கிப்போன அலாஸ்கா உண்மையான அலாஸ்கா அல்ல. நுரைப்பஞ்சில் செய்து வெள்ளை பூசிய பொம்மை. எனக்குக் கொடுத்தது நான்கு மாதமாக ஊர்வலம் போன பழையது. உண்மையானவை வெட்டிய துண்டுகளாகக் குளிர் அறையில் காத்திருக்கும். ஊர்வலம் கிளம்பும்போது அவற்றை வெளியே எடுப்பார்கள். ஆறு நிமிடத்தில் நாங்கள் சுற்றி வந்து பொம்மையை வைத்துவிட்டு, துண்டுகளைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போக வேண்டும். அன்று விளக்கு அணைந்தது, கதவு திறந்தது, பாட்டு வரவில்லை. ஏதோ ஒலிக்கருவிக் கோளாறு. இருட்டில் நாற்பது பேர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பயணிகள் பாட்டு இல்லாமலே கொஞ்ச நேரம் நாப்கினைச் சுழற்றிவிட்டுச் சலித்து உட்கார்ந்தார்கள். அந்த இருட்டில் என் பக்கத்து மேசைச் சிறுவன் ஒருவன் நாற்காலியில் ஏறி, என் அலாஸ்காவுக்குள் ஆள்காட்டி விரலைச் சொருகி எடுத்து வாயில் வைத்தான். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன், 'யாரிடமும் சொல்லாதே' என்பதுபோல. அவனும் சொல்லவில்லை.

பாட்டு வந்தபோது பதினைந்து நிமிடம் ஓடியிருந்தது. உண்மையான துண்டுகள் எல்லாம் சரிந்து, தட்டில் குளமாக நின்றன. அதையேதான் பரிமாறினோம், வேறு வழி? ஒரு வயதான அம்மாள் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "சூப் முதலிலேயே வந்துவிட்டதே" என்றார். அந்த விரல் ஓட்டையோடு என் அலாஸ்கா மேலும் இரண்டு மாதம் ஊர்வலம் போயிற்று. ஓட்டை இருக்கும் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பித் தூக்கிக்கொள்வேன்.

எப்போது வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம் என்று ஆன பிறகு இந்த ஊர்வலம் பல கப்பல்களில் தேய்ந்துபோயிற்று. கூத்து எங்கே போயிற்று என்றால், காசு கொடுத்து முன்பதிவு செய்யும் சிறிய அறைகளுக்கு. அங்கே இருபது பேரோ அறுபது பேரோ, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். பந்தி மறுபடி கிடைத்துவிட்டது, இந்த முறை கட்டணத்தோடு. செலிப்ரிட்டி கப்பல்களில் 'லெ பெத்தி ஷெஃப்': பெல்ஜியத்து ஓவியர் இருவர் உருவாக்கியது. மேசைக்கு மேலிருந்து விழும் ஒளியில் கட்டைவிரல் உயரச் சமையல்காரன் ஒருவன் உங்கள் காலித் தட்டில் இறங்கி, மீனோடு மல்லுக்கட்டி, இறைச்சியை வாட்டி, சமைத்து முடிப்பான். விளக்கு வந்ததும் அதே உணவு உண்மையில் தட்டுக்கு வரும். வேடிக்கையானதுதான். ஆனால் கதை முழுவதும் மீனையும் இறைச்சியையும் சுற்றித்தான். சைவத் தட்டு கேட்டு வாங்கலாம், கண்ணுக்கு எதிரே மாடு வாட்டப்படுவதை உங்கள் மாமியாருக்கு யார் விளக்குவது? ராயல் கரீபியனின் ஐக்கான் கப்பலில் பழைய நியூயார்க் ஜாஸ் விருந்து ஒன்று இருக்கிறது. எட்டுத் தட்டு, நேரடி இசை, ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். கல்யாண நாள் கொண்டாடும் தம்பதிக்கு, சரி. நார்வீஜியனில் ஜப்பானிய இரும்புக்கல் சமையல்: முட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, வெங்காய வளையத்தில் எரிமலை கிளப்புவது. பிள்ளைகள் கைதட்டுவார்கள். எல்லாம் வேகுவது ஒரே கல்லில் என்பதை மட்டும் சைவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னால் உள்ளே தனியாகச் செய்து தருவார்கள்.

ஆகவே என் பரிந்துரை விஷ் கப்பல். இப்போது நேரம். 5.45 நம் வீடுகளில் காப்பி குடித்துக் கை கழுவும் நேரம். மாமனார் ஏழரை மணிக்கு முன் சாப்பிட்டுப் பழகியிருக்கமாட்டார். ஆனாலும் 'பந்திக்கு முந்து' என்ற பழமொழியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 8.15 பந்தி முடிய இரவு பத்து ஆகும். நிகழ்ச்சியின் உச்சம் எப்போதும் இனிப்பு நேரத்தில் என்பதால், ஏழு வயதுப் பிள்ளை எல்சா வரும்போது நாற்காலியில் தூங்கிவிடும். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாம் பந்திப் பிள்ளைகளுக்கு முதலில் சாப்பாடு கொடுத்து விளையாட்டு அறைக்கு அழைத்துப்போகும் வசதியை டிஸ்னி வைத்திருக்கிறது. அப்படிப் போனால் நிகழ்ச்சியின் பின்பகுதி போய்விடும். முதல் பந்தி எடுங்கள். பெரியவர்களுக்கு ஒன்பது மணிக்கு மேல் மாடித் தளத்தில் பழமும் தின்பண்டமும் ஏதாவது கிடைக்கும்.

கப்பல் ஏறும்போது எந்த இரவு எந்த அறை என்று வரிசை கொடுத்திருப்பார்கள். மூன்று அறைக்கும் ஒவ்வோர் இரவு, நான்காவது இரவு மூன்றில் ஒன்றுக்குத் திரும்பப் போவீர்கள். அந்த நான்காவது மார்வெல் அறையாக வந்தால், ஏறிய அன்று பிற்பகலே சாப்பாட்டு அறை வாசலில் இருக்கும் மேலாளரிடம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முதல் நாள் நான்கு மணிக்குக் கேட்டால் நடக்கும் காரியம், ஆறு மணிக்குக் கேட்டால் நடக்காது. அப்போதே மேசையைப் பற்றியும் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி அணிந்தவரோ சத்தம் தாங்காதவரோ இருந்தால் ஒலிபெருக்கிக்கு விலகிய சுவரோர மேசை, பிள்ளைக்கு அரெண்டெலில் நடைபாதை ஓர நாற்காலி. கதாபாத்திரங்கள் நடந்து வருவது அந்த வழியாகத்தான். சால்வை ஒன்று கையில் இருக்கட்டும். எழுநூறு பேர் மூச்சையும் சூட்டையும் கணக்குப் போட்டுக் குளிரை வைத்திருப்பார்கள், ஓரமாக உட்காரும் வயதானவருக்கு அது மார்கழி.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். மெனு அட்டையில் இருக்கும் சைவத் தட்டு பெரும்பாலும் பாஸ்தாவாகவோ காளானாகவோ இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் இரவு ஹெட் வெயிட்டர் மேசைக்கு வருவார். அவரிடம் இந்தியச் சைவ உணவு வேண்டும், முட்டை கூடாது என்று சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து பருப்பும் காய்கறிக் குழம்பும் சோறும் தனியாக வரும். வடநாட்டு ருசியாகத்தான் இருக்கும், புளிக்குழம்பை எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகச் சொல்வதுதான் முக்கியம். கேலியில் இருப்பவர்களில் யாராவது ஓர் இந்தியர் கட்டாயம் இருப்பார். கேட்டது எழுபது வயது அம்மாள் என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகவே செய்வார்.

தயிரை மட்டும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். 'யோகர்ட்' என்று பொதுவாகக் கேட்டால் ஸ்ட்ராபெரி போட்டு இனிப்பாக ஒரு கிண்ணம் வந்து நிற்கும். காலை உணவுக்கு வைத்திருக்கும் இனிப்பில்லாத வெறும் யோகர்ட், பெரிய கிண்ணத்தில், கூடவே வெறும் சோறு என்று பிரித்துச் சொல்லுங்கள். முதல் இரவே சொல்லி வைத்தால், எல்சா பாடினாலும் பாடாவிட்டாலும், நான்கு இரவும் தயிர்சாதம் மேசையில் இருக்கும். ஊறுகாய் கப்பலில் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். கடையில் வாங்கிப் பிரிக்காத பாட்டிலாக இருந்தால் பெட்டியில் எடுத்துப் போகலாம், வீட்டில் போட்ட மாவடுவை ஏற்றவிடமாட்டார்கள்.